கணவாய்ப் புகை

புகைப் பரிசோதனை செய்யும் மருது, சைலன்சருக்குள் விட்டிருந்த குழாயை வெளியே உருவி, அதன் நுனியை அழுக்குத் துணியால் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அறுபத்தைந்தைத் தாண்டக்கூடாத எண் தொண்ணூற்றொன்றில் போய் உட்கார்ந்திருந்தது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது காரா, செங்கச் சூளையா?" என்றான். பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை வேறு ஆட்டினார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "மொதல்ல ஒன் மிஷினுக்குச் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டேன். அவன் பதிலுக்குக் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்தான். "மிஷினு நல்லாத்தாண்ணே இருக்கு. மூணு தடவ ஆக்சிலேட்டர மிதிச்சுப் பாத்தாச்சு. யாரையாச்சும் வச்சுக் கழட்டிச் சுத்தம் பண்ணிட்டு வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாங்க."

யாரையாவது வைத்து. அந்த யாரையாவதுக்கு என் வாழ்க்கையில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு, பாண்டியராஜன். அவனோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

வண்டிக்கு இந்த மாதத்தோடு பதினைந்து வயது முடிகிறது. டீசல் வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, தப்பு கம்பெனியுடையது இல்லை. பதினைந்து முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வெள்ளிக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், நிறுத்துவதற்கு முன் புகைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடை. வீட்டில் ஆனிமேரி எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள். "இருக்கறது நாம ரெண்டு பேரு. ஜெனிஷா பெங்களூர்ல இருந்து ரயில்ல வாரா, ரயில்ல போறா. இதுல என்னத்துக்கு இந்தப் பொகவண்டி? குடுத்துத் தலமுழுகுங்க." என் மனைவி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டால் பாண்டியராஜனோடு நான் இருந்த நாளுக்கு அத்தாட்சி என்று எதுவும் மிஞ்சாது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாப்போம், பாப்போம்" என்று சொல்லி வைத்தேன்.

பாண்டியராஜன் எனக்கு அண்ணன் தம்பி இல்லை, சொந்தபந்தம் இல்லை, ஒரே சாமியைக்கூட நாங்கள் கும்பிட்டதில்லை. செல்லம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். நூல்மில்லில் ஃபிட்டர். விளாங்குடியில் என் வீட்டுக்கு எதிர்வீடு. நான் மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், சுத்தியலைப் பிடித்தால் விரலில் அடித்துக்கொள்கிற ஆள். நான் இந்த வண்டியை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு அவன் ரோட்டைத் தாண்டி வந்து, யாரும் கேட்காமலேயே பானட்டைத் திறந்து, எஞ்சினை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள, இத வொர்க்‌ஷாப்ல விட்டுக் கெடுத்துராத. நாம பாத்துக்கிருவோம்" என்றான். அந்த 'நாம'வில் நான் ஒன்பது வருஷம் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து கைலி மாற்றுவதற்குள் அவன் நீலநிற ஸ்பேனர் பெட்டியோடு வாசலில் நிற்பான். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, பிரேக் லைனிங் என்று ஆரம்பித்து, கடைசியில் சைலன்சர், டர்போ என்று போய்விட்டோம். சைலன்சரில் துரு பிடித்து ஓட்டை விழுந்தபோது ஆனிமேரி வைத்திருந்த பால்பவுடர் டப்பாவை வெட்டித் தகடாக்கிச் சுற்றிக் கட்டினோம். ரெண்டு குடும்பமும் அதே வண்டியில் வேளாங்கண்ணி கிளம்பினோம். திருவாரூர் தாண்டியதும் தகடு கழன்று விழுந்தது, வண்டி டிராக்டர் மாதிரி கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தது. பின்னால் அவன் மகள் திவ்யாவும் என் மகள் ஜெனிஷாவும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கோயில் வாசலில் காணிக்கை போட வெள்ளித் தகட்டில் கார் உருவம் இருக்கிறதா என்று பாண்டி கடை கடையாய்க் கேட்டான். கிடைக்காமல் பஸ் உருவம் வாங்கிப் போட்டான். "மாதாவுக்குத் தெரியாதா மாப்ள, எந்த வண்டின்னு" என்றான்.

வேலையில் அவன் கறார். எந்தக் குழாயைக் கழற்றினாலும் தூசி விழாமல் அதன் வாயைத் துணியால் அடைப்பான். அதற்கும் கண்ட துணியெல்லாம் ஆகாது, மில்லில் இருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட்தான். அந்தத் துணியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வெளியே தொங்கவிடுவான். நூல் தொங்கினால் உள்ளே துணி இருக்கிறது என்று அர்த்தம். மில்லில் எவனோ துணியை உள்ளே மறந்து மோட்டார் எரிந்துபோன கதையை நூறு தடவை சொல்லியிருப்பான். "நூல் கட்டாம வைக்காத மாப்ள" என்பான். நான் "சரிடா டாக்டரு" என்பேன். அவன் இல்லாதபோது கட்ட மாட்டேன்.

சண்டை வந்தது திவ்யாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன நாளில். மாப்பிள்ளை ஊர் ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம். பெண் வீட்டுச் சனம் போய்ப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டு வருவது வழக்கம், நனைத்தால் சம்பந்தம் உறுதி. உறவுக்காரர்கள் ஒரு வேனில் வந்தார்கள். என் வண்டியில் பாண்டி, அவன் மனைவி மலையம்மாள், மலையம்மாளின் அண்ணன் தங்கப்பாண்டி, பாண்டியின் பெரியப்பா. பத்தரைக்குள் நல்ல நேரம். உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தது. மூன்றாவது கியர், இரண்டாவது, ஒன்றாவது. பின்னால் கன்னங்கரேலென்று புகை. பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது. வேனும் நின்று, பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமாக முப்பது பேர் ரோட்டில் இறங்கினார்கள். தட்டு, பழம், பூவெல்லாம் வெயிலில். நேரம் தப்பியது. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே பைக்கில் ஆளைத் தேடி வந்துவிட்டார்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் வண்டியைச் சுத்தம் செய்திருந்தோம். அன்றைக்கு டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற பம்பு திருகைப் பாண்டி கொஞ்சம் திருப்பினான். அது எனக்கு ஞாபகம் இருந்தது. தங்கப்பாண்டி என்னைப் பார்த்து, "என்ன சார் வண்டி வச்சிருக்கீக" என்று கேட்டதுதான் தாமதம், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வண்டியச் சொல்லாதீக. பம்புல கைய வச்ச ஆளச் சொல்லுங்க. மில்லு ஃபிட்டருக்குக் காரு வேல எதுக்கு? தெரியாத வேலையத் தொட்டா இப்படித்தான் சபையில நிக்கணும்." முப்பது பேர் முன்னால், வரப்போகிற சம்பந்தி முன்னால் சொன்னேன். பாண்டி மலையம்மாள் கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய் வேனில் ஏறினான்.

சம்பந்தம் முடிந்தது, கல்யாணமும் நன்றாக நடந்தது. நான் போனேன், சாப்பிட்டேன், அவன் வாசலில் எல்லோருக்கும் போல எனக்கும் கைகூப்பினான். கல்யாணத்துக்குப் பிறகு பாண்டி வீட்டார் எதிர்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திருப்பரங்குன்றம் போய்விட்டார்கள். வண்டி அன்றிலிருந்து சீக்குக்கோழிதான். ரெண்டு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒருவன் டீசலைத் தெளிக்கிற நாசில் போச்சு என்று மாற்றினான், இன்னொருவன் பம்பையே மாற்றினான், பாண்டி திருகிய திருகு அதோடு போயிற்று. புகை போகவில்லை. நான் மட்டும் பானட்டைத் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாக அதன் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை.

போன ஞாயிறு திவ்யா வந்திருந்தாள், இடுப்பில் மகனோடு. வருகிற ஞாயிறு குழந்தைக்குக் காதுகுத்து. கணவாய்க்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். பத்திரிகையை ஆனிமேரி கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாமா, அப்பா கூப்புடச் சொல்லல. நாந்தான் கூப்புடுறேன். வரணும்" என்றாள். போர்ட்டிகோவில் வண்டியைப் பார்த்து நின்றாள். "இன்னும் வச்சிருக்கீங்களா" என்றாள். "அப்பா இப்ப எதையும் தொடறதில்ல மாமா. ஸ்பேனர் பொட்டி கட்டிலுக்கு அடியில கெடக்கு. அம்மா மிக்சிக்கு ஒரு ஸ்க்ரூன்னாக்கூட கடைக்குத்தான் போகும். எங்க சொந்தத்துல எல்லாரும் அப்பாவ டாக்டரு டாக்டருன்னு கேலி பண்றாங்க. அது சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும்." டாக்டர் என்பது நான் அவனுக்கு வைத்த பெயர்.

புதன்கிழமை லீவு போட்டேன். யாரையும் வைக்கவில்லை. ஒன்பது வருஷம் பக்கத்தில் நின்று டார்ச் அடித்த கைக்கு இது தெரியாமலா போய்விடும் என்று ஒரு வீம்பு. முதலில் ஈ.ஜி.ஆர் வால்வைக் கழற்றினேன். எஞ்சின் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திருப்பி அதன் மூக்குக்குள்ளேயே விடுகிற வால்வு அது. புகை நஞ்சு குறையட்டும் என்று வைத்திருக்கிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் தான் விட்ட மூச்சைத் தானே குடித்தால் எவனுக்கு நெஞ்சு அடைக்காது. உள்ளே அடிப்பிடித்த அல்வா பதத்தில் கரி. ஆனிமேரியின் பழைய இட்லிக் கொப்பரையில் டீசலை ஊற்றி ஊறப்போட்டேன். அவள் எட்டிப் பார்த்து, "புளி வேணுமா? குத்துவெளக்கே பளபளங்கும்" என்றாள். கேலிதான். ஆனாலும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

கரியைச் சுரண்டி, துடைத்து, மறுபடி மாட்டப் போகையில் பாண்டியின் குரல்தான் கேட்டது. ஆவியெல்லாம் இல்லை, ஒன்பது வருஷம் கேட்ட குரல் காதுக்குள் இருக்கும்தானே. மூக்கைத் துடைத்தால் மட்டும் போதுமா, தொண்டையைப் பார்க்க வேண்டாமா என்பான். சரி என்று, எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போவில் இருந்து முன்னால் போகிற ரப்பர் குழாயின் கிளாம்ப்பையும் தளர்த்தினேன். டர்போ தள்ளுகிற சூடான காற்றை ஆறவைக்க ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி இருக்கும், இண்டர்கூலர் என்பார்கள், அதன் வாயில் போய்ச் சேருகிற குழாய். ரெண்டு வொர்க்‌ஷாப்பிலும் யாரும் தொடாத குழாய் வந்தது. உள்ளே விரலை விட்டேன். மெத்தென்று எதுவோ தட்டுப்பட்டது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கையை எடுத்துவிட்டேன். பிறகு மூக்குக் குறடால் பிடித்து இழுத்தேன். ஆயிலில் ஊறிக் கறுத்து, காற்றழுத்தத்தில் பெட்டி வாயோடு வாயாக ஒட்டிப் போயிருந்த துணி. சாண் சாணாக வந்தது.

வண்டிக்கு மூச்சு முட்டிய காரணம் கையில் இருந்தது. காற்று போகாத எஞ்சினில் டீசல் முழுசாக எரியாது, கரியாகத்தான் கக்கும். இதில் பம்புக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா, சந்தோஷம். பாண்டி, நீயே துணியை மறந்திருக்கிறாய், நூறு தடவை கதை சொன்னாயே என்று வாய்விட்டே சொன்னேன். வாளியில் சோப்புத் தண்ணீரைக் கரைத்துத் துணியை அலசினேன். நாலாவது தண்ணீரில் கறுப்புக் கொஞ்சம் கழன்று கீழே பச்சை தெரிந்தது. பச்சையில் வெள்ளைப் பூ.

ஆனிமேரி வந்து நின்றாள். "இது என் நைட்டியில்ல?" என்றாள். துணியை வாங்கி விரித்தாள். ஓரத்தில் மடித்துத் தைத்த தையல் இருந்தது. "ஜெனிஷா பத்தாவது படிக்கையில எடுத்தது. கிழிஞ்சதும் துண்டு துண்டா வெட்டி ஒங்க சாமான் செல்ஃப்ல வச்சேன்." ஓரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தண்ணன் நூல் கட்டாமத் துணி வைக்க மாட்டாரே." நான் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். "பனியன் துணியத் தவிர வேற துணியத் தொடவும் மாட்டாரு." துணியை மடித்தாள். "அப்ப அது நீங்கதான்" என்றாள்.

நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் அந்த நிமிஷம் கண்ணுக்கு முன்னால் வந்தது. குழாயைக் கழற்றியதும் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரிடமிருந்து போன். பாண்டி அந்தப் பக்கம் குனிந்து பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூசி போகக்கூடாதே என்று செல்ஃபில் கைக்குக் கிடைத்த துணியைச் செருகிவிட்டுப் போய்ப் பேசினேன். திரும்பி வந்து, வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டே குழாயை நானே மாட்டி, நானே கிளாம்ப்பை முறுக்கினேன். பாண்டி கேட்கக்கூடச் செய்தான், "எல்லாத் துணியும் வெளிய வந்துருச்சா மாப்ள?" அவனுடைய நூல் கட்டிய துணி மூன்றும் பானட்டின் மேல் இருந்தன. "வந்துருச்சு, வந்துருச்சு" என்றேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற ஸ்பேனர் பெட்டி. கேலிக்கெல்லாம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் பாண்டி. போனை எடுத்து அவன் நம்பரைத் தேடினேன், அழிக்காமல்தான் வைத்திருந்தேன். ஆனிமேரி போனைப் பிடுங்கினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "போன்ல சொல்லப் போறீகளா? பேசும்போது முப்பது பேரு முன்னாடி பேசுனீக. சொன்னதத் திருப்பி எடுக்கும்போது மட்டும் ரகசியமா எடுப்பீகளா? சபையில சொன்னத சபையிலதான் எடுக்கணும். ஞாயித்துக்கெழம அதே சனந்தான் அங்க வருது." சொல்லிவிட்டு அந்தத் துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் மாட்டி, சாயங்காலம் நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். பழைய சத்தம். இந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். சைலன்சரில் இருந்து வெள்ளையாகக் கொஞ்சம் வந்து அதுவும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலே எட்டிப் பார்த்து, "புது வண்டியா சார்?" என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். வியாழக்கிழமை மருது மூன்று தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு. யாரண்ணே பாத்தது, சொல்லுங்க, நாலு வண்டி அனுப்புறேன்" என்றான். வெள்ளிக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் ஹாரனை அடித்துப் பார்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருஷத்துக்கு வண்டி ஓடலாம். அந்த ஐந்து வருஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

கணவாய் ஏற்றம் வந்ததும் ஆனிமேரி ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் மூன்றாவது கியரில் வைத்துக் காலை அழுத்தினேன். வண்டி ஏறியது. அன்றைக்கு நின்ற வளைவு, சனம் இறங்கி நின்ற ஓரம், எல்லாம் ஜன்னலுக்கு வெளியே சாதாரணமாகப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. ஒளிக்கவில்லை. "ரோட்டப் பாருங்க" என்று மட்டும் ஆனிமேரி சொன்னாள்.

கோயிலுக்கு முன்னால் பெரிய பந்தல். தாய்மாமன் சீர் வந்திறங்கிக்கொண்டிருந்தது, மைக்கில் ஒருவர் ஒவ்வொரு ஊரையும் பேரையும் சொல்லி வருக வருக என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் முதலில் பார்த்தது தங்கப்பாண்டிதான். "அடடே, கிளார்க் சார். தள்ளாமயா வந்தீக?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பந்தலுக்குள் திரும்பி, "மச்சான், டாக்டரே, ஒங்க பேஷண்ட் உசுரோட வந்திருக்கு" என்று கத்தினான். உள்ளே பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாண்டி தலை நிமிர்ந்தான். மீசை முழுக்க நரைத்திருந்தது. எல்லோரும் சிரிக்க அவனும் சிரித்தான். திவ்யா சொன்னபோது புரியாதது அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் புரிந்தது. எழுந்து வந்து கைகூப்பி, "வாங்க. வாம்மா ஆனி. சாப்புடுங்க" என்றான். என்னை வாங்க என்றான்.

"ஒரு நிமிசம் வண்டிக்கிட்ட வா" என்றேன். தயங்கினான். வந்தான். புளியமரத்து நிழலில் நிறுத்தியிருந்தேன். அவன் வண்டியைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்து நின்றான். கவரில் இருந்து துணியை எடுத்து நீட்டினேன். வாங்கினான், ரெண்டு விரலால் கசக்கினான், மூக்கருகில் கொண்டுபோனான்.

"இண்டர்கூலர்லயா?"

"ஆமா. டர்போவுல இருந்து வர்ற வாயில."

துணியின் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்தான். நூலைத்தான் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று ஆனதும் ஒரு தடவை கூடத் தடவினான்.

"ஆனியோட துணி. நான் வச்சது" என்றேன். "நீ கேட்ட. வந்துருச்சுன்னு சொன்னேன். பாக்காமச் சொன்னேன். ஒம் மேல ஒரு தப்பும் இல்ல பாண்டி."

பந்தலில் குழந்தை வீறிட்டு அழுதது, ஒரு காது முடிந்திருக்கும். தாத்தா அங்கே இருக்க வேண்டிய நேரம். அவன் போகவில்லை.

"பம்ப கால் திருகுதான் திருகுனேன்" என்றான். "கால் திருகுக்கு அம்புட்டுப் பொக வராது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் நீங்க சொன்னத நம்பிட்டேன். அத்தன பேரு முன்னாடி சொல்றீங்களே, பொய்யாவா சொல்லுவீங்கன்னு நம்பிட்டேன். கை போச்சுன்னு நெனச்சேன். மில்லுல மிஷினத் தொட்டா வெரல் நடுங்கும். ஸ்டோருக்கு மாத்திருங்கன்னு நானே எழுதிக் குடுத்தேன். ஆறு வருசமா நட்டு எண்ணி பொட்டியில போடுறேன்."

மில் விஷயம் திவ்யா சொல்லவில்லை. அவளுக்கே தெரியாதோ என்னவோ. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வார்த்தை இதற்கு எந்த மூலைக்கு என்று தோன்றியது. "நான் மைக்குல சொல்லப் போறேன்" என்றேன். "அன்னிக்கு நின்ன அத்தன பேரும் இங்க இருக்காக. தங்கப்பாண்டியும் இருக்கான்."

"வேணாம்."

"சொல்லணும் பாண்டி."

"சம்பந்தக்காரங்க இருக்காங்க. ஊரே இருக்கு. ஒனக்கு மானம் போயிரும்."

"அன்னிக்கு ஒனக்குப் போகலயா?"

"போச்சு" என்றான். "அதான் வேணாங்கறேன்."

எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு அறை விட்டிருக்கலாம், ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ்வளவு நடந்தும் என் மானத்தை அவன் பார்க்கிறான் என்றால் நான் எங்கே போய் நிற்பது. தள்ளி நின்ற ஆனிமேரி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. வண்டிச் சாவியைப் பாண்டியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் பந்தலைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து "டேய்" என்றான். நான் நிற்கவில்லை.

மைக்குக்காரர் மேசைக்குப் பின்னால் இருந்து கையை நீட்டினார். "மொய்யாண்ணே? பேரு, ஊரு சொல்லுங்க, நான் வாசிக்கிறேன்."

"நானே பேசணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்தார். அது கீச்சென்று கத்தியது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையில் இருந்து தலையைத் தூக்கினார்கள். தங்கப்பாண்டி சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். மடியில் பிள்ளையோடு திவ்யா என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் வணக்கம். நான் விளாங்குடி ஆன்றோ" என்றேன். என் குரல் மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாயில் மோதி, யாருடையதோ போல எனக்கே திரும்பி வந்தது. "ஆறு வருசத்துக்கு முன்னாடி கணவாயில வச்சு, இங்க இருக்கற பல பேரு முன்னாடி, நான் ஒரு வார்த்த சொன்னேன்."

அதற்கு மேல் சொல்ல மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். பந்தலுக்கு அப்பால், புளியமரத்தடியில், பாண்டி எனக்கு முதுகு காட்டி நின்றான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். என் வண்டியின் பானட் கொக்கி ஓர் எசகுபிசகான இடத்தில் இருக்கும், எந்த மெக்கானிக்கும் குனிந்து டார்ச் அடித்துத்தான் தேடுவான். பாண்டி குனியவில்லை. இடுக்கில் விட்ட கை எதையும் தேடவில்லை. பானட் மெல்ல மேலே எழும்பி அவன் தலையை மறைத்தது.